ஊசியின் நடுவே ஒரு கருப்புக் கோடு

பலகையில் நான்கு குண்டூசித் துளைகள் மட்டும் இருந்தன. படத்தைக் காணோம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிக் கடையிலிருந்து நூலகத்துக்கு ஏறக்குறைய ஓடி வந்திருந்தாள் அவள். வில்லை அரைத்த வெள்ளைப் பசை விரலிடுக்கில் இன்னும் காயவில்லை. நூலகத்தின் கீழ்க்கூடத்தில் வான்நோக்கர் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நிலவின் குழிகள், வியாழனின் பட்டைகள், யாரோ பிடித்த வால்மீன் எல்லாம் இடத்தில் இருந்தன. மூன்றாவது பலகையின் வலது மூலையில் நேற்று மாலை அவளே குத்திவிட்டுப் போன பென்சில் படம் மட்டும் இல்லை.

வாசல் மேசையில் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைத்து எல்லார் மனதையும் கொஞ்சம் கொஞ்சம் நோகடிப்பவர்.

"என் படம் எங்க சார்?"

"தலைவர் எடுக்கச் சொன்னாரும்மா. உள்ள பத்திரமா இருக்கு."

"எதுக்கு எடுக்கச் சொன்னாரு?"

அவர் வருகைப் பதிவேட்டை ஒருமுறை மூடித் திறந்தார். "போட்டோவைப் பார்த்து வரைஞ்ச மாதிரி இருக்குன்னு சொன்னாரு. எட்டு அங்குலத் தொலைநோக்கியில அந்தக் கருப்புக் கோடு தெரியவே தெரியாதாம். புத்தகத்துல இருக்கிற போட்டோவைத் தலைகீழா வெச்சு வரைஞ்சிருக்காங்கன்னு..."

"தலைகீழா வெச்சு."

"அவர் சொன்னதைச் சொல்றேன்."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. தொலைநோக்கியில் பார்த்தால் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். அது கூடவா ஒரு சங்கத் தலைவருக்குத் தெரியாது? தெரியும். அவரே புதியவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அவள் பார்த்ததைப் பார்த்தபடி வரைந்திருந்ததையே, அவள் திருடியதற்குச் சாட்சியாக மாற்றிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு விண்மீன் திரளையே மறைப்பதை அன்றுதான் கண்டாள்.

அந்தப் படத்தில் இருந்தது ஒரு திரள்தான். கோடிக்கணக்கான விண்மீன்கள் சுருண்டு சுழலும் பெரும் தட்டு. தட்டை மேலிருந்து பார்த்தால் வட்டம். விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் கோடு. இது நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நிற்கும் திரள். அதனால் சங்கத்தில் அதற்குச் செல்லப் பெயர் 'ஊசி'. நான்கு கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது என்று புத்தகம் சொல்கிறது. அந்த ஊசியின் நீளம் முழுவதும் ஒரு தூசுப்பட்டை ஓடுகிறது. பின்னால் இருக்கும் வெளிச்சத்தை மறைத்துக் கருப்பு நூல் போலத் தெரிவது அதுதான். போட்டோக்களில் பளிச்சென்று விழுந்திருக்கும். கண் வைத்துப் பார்க்கிறவருக்கு ஊசி அகப்படுவதே பெரும்பாடு. நூல் லேசில் அகப்படாது.

அவளுக்கு அகப்பட்டிருந்தது. பதினோரு இரவுகளில், மூன்று ஆண்டுகளில்.

கடையின் பின்னறையில் இருபத்தொரு ஆண்டுகளாக வேலை செய்கிறவள் அவள். முன்னால் கண்ணாடி அலமாரியும் விளக்கும் சிரித்த முகமுமாக முதலாளி நிற்பார். பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், வைரத்தூள் பதித்த சக்கரம் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும். வட்ட வில்லையைச் சட்டத்தின் வடிவத்துக்கு விளிம்பு அரைத்து, பள்ளம் எடுத்து, பொருத்தித் தருவது அவள் வேலை. கீறல் விழுந்தால் போச்சு. அச்சு இரண்டு பாகை தப்பினால், போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. அரை மில்லிமீட்டர் என்றால் என்ன என்று அவளிடம் கேட்க வேண்டும்.

அவளுக்கு 'ராக்கண்ணி' என்று பெயர் வைத்தவர் புருஷன். நகரத்துக்கு வெளியே குடிநீர் பம்பு நிலையத்தில் இரவுப் பணி அவருக்கு. கல்யாணமான புதிதில் தனியாக வீட்டில் படுக்கப் பிடிக்காமல் அவளும் கூடப் போனாள். அங்கே வானத்தைப் பார்த்தாள். ஊருக்குள் இருபது விண்மீன் தெரிந்தால் அதிகம். அங்கே எண்ணவே தோன்றவில்லை. "உலகத்துல மாலைக்கண்ணு இருக்கிறவங்க உண்டு. எனக்கு வாய்ச்சது ராக்கண்ணு" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, தெருவில் அதுவே நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

பணி மாற்றலில் ஊரைவிட்டுப் போன நில அளவையாளர் ஒருவர், தூக்கிக்கொண்டு போக முடியாமல் தன் தொலைநோக்கியை அவளிடம் விட்டுப்போனார். பீப்பாய் மாதிரி ஒரு அட்டைக் குழாய், பிளைவுட் பெட்டி, அடியில் எட்டு அங்குலக் குழியாடி. ஆடியில் ஈரப்புள்ளிகள். வில்லைகளைக் கழுவுகிற மாதிரியே சோப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பஞ்சு தன் கனத்திலேயே நழுவும்படி கழுவி எடுத்தாள். பிறகு சங்கத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு வேறு பெயர்: 'கடைக்காரம்மா.' டீ போட ஆள் தேடினாலும் நாற்காலி அடுக்க ஆள் தேடினாலும் முதலில் நினைவுக்கு வருகிற பெயர்.

தலைவர் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தொலைநோக்கி கணினி வைத்தது. எண்ணைத் தட்டினால் தானே திரும்பி நிற்கும். கேமராவை மாட்டிவிட்டு, காருக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் படம் சேர்வதைப் பார்ப்பார். அழகான படங்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன வில்லையில், குனிந்து அவள் பார்த்து ஏழெட்டு வருடமாகிறது.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, இருட்டுக்குப் பழகிய கண் கெடாமலிருக்கப் புருஷன் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"விட்டுத் தள்ளு. படத்தைக் கழட்டினா வானத்தைக் கழட்டினதாகுமா?"

"உங்களுக்கென்னங்க. உங்களை யாராவது தண்ணி திருடினன்னு சொன்னா இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இல்ல. இருக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் செயற்குழுக் கூட்டம். அவள் உறுப்பினர் இல்லை. ஆனாலும் போய் நின்றாள். தலைவர் நாற்காலி காட்டினார். அவள் உட்காரவில்லை.

"கோபப்பட இதுல ஒண்ணுமில்லம்மா" என்றார் தலைவர். "ஆர்வத்துல பலபேர் செய்றதுதான். போட்டோவைப் பார்த்துட்டு வானத்தைப் பார்த்தா, இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியும். அறிவியல்ல இதை நாங்க அனுமதிக்க முடியாது."

"நான் பார்த்தேன் சார்."

"எட்டு அங்குலத்துல தெரியாது."

"நீங்க எட்டு அங்குலத்துல பார்த்திருக்கீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்து, அரைத்தது ஒரு பெண் என்று தெரிந்ததும் சிரிக்கும் சிரிப்பு. பத்தில் ஒன்பது முறை அவர்கள் கண்ணாடியைச் சாய்த்துப் போட்டிருப்பார்கள்.

"அப்போ வந்து பாருங்க" என்றாள். "வர்ற அமாவாசை சனிக்கிழமை. பம்பு நிலையத்துக்கு. எல்லாரும் வாங்க. ஆளுக்கு ஆறு நிமிஷம். யாரும் பேசக் கூடாது. கண்டதை அட்டையில வரைஞ்சு மடிச்சுக் குடுத்துடணும். கடைசியில ஒண்ணாப் பிரிப்போம்."

பின் வரிசையிலிருந்து பல் டாக்டர் மட்டும், "நான் வர்றேன்க்கா" என்றாள். சங்கத்தில் அவள்தான் வயதில் இளையவள். அவள் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு வராமல் இருப்பது கூச்சமாகிவிட்டது. தலைவரும் சரி என்றார். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக்குச் சம்மதிக்கிறவர் போல.

பம்பு நிலையத்தில் வானம் இருட்டு. ஆனால் தரை சும்மா இருக்காது. மோட்டார் ஓடும்போது மண்ணே நடுங்கும், ஐபீஸில் விண்மீன்கள் புழுவாய் நெளியும். மேல்தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற பிறகு, மீண்டும் ஓட்டும் வரை ஐம்பது நிமிட இடைவெளி. அவளுடைய பதினோரு இரவுகளும் அந்த இடைவெளிக்குள் அடங்கியவை. மோட்டார் அறை வாசலில் ஒரு விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்பது விதி. புருஷன் அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். விதியில் சாக்கைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

ஏழு பேர் வந்தார்கள். 'கூந்தல்' என்று பெயர் வைத்திருக்கும் மங்கலான விண்மீன் கூட்டம் உச்சிக்கு ஏறியிருந்தது. ஊசி இருப்பது அந்தப் பக்கம்தான். எல்லாரையும் அரைமணி நேரம் இருட்டில் சும்மா உட்கார வைத்தாள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு வேண்டும். இருபது நிமிடம் ஆனபோது தலைவரின் செல்பேசி ஒலித்தது. எடுத்தார். வெள்ளை வெளிச்சம் ஏழு முகங்களிலும் அடித்தது.

"அதை அணைங்க சார்" என்றாள் அவள்.

"ஒரு நிமிஷம், முக்கியமான..."

"அணைங்க."

அவள் குரல் அப்படி வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அணைத்தார். ஆனால் எல்லாருடைய கண்ணும் கெட்டது கெட்டதுதான். மறுபடி முதலிலிருந்து அரைமணி. மோட்டார் நின்று எட்டு நிமிடம் கழித்துத்தான் முதல் ஆளையே உட்காரவைக்க முடிந்தது. போன அந்த எட்டு நிமிடம் யாருடையது? அவளுடையது.

தலையோடு போர்த்திக்கொள்ளக் கருப்புத் துணி கொடுத்தாள். "நேராப் பார்க்காதீங்க. பார்வையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டு ஓரக்கண்ணால கவனிங்க" என்று மட்டும் சொன்னாள். மங்கலானது எதுவும் நேர்ப்பார்வைக்கு மறைந்துவிடும், ஓரப்பார்வைக்கு வரும். இருட்டில் புருஷன் யாருக்கோ மெதுவாகச் சொல்வது கேட்டது: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் அப்படித்தான் பார்த்தா. நேராப் பார்த்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பா."

பல் டாக்டர் முதலில் உட்கார்ந்தாள். தினமும் வாய்க்குள் சின்ன ஆடியை விட்டுப் பார்க்கிற கண். ஆறு நிமிடமும் அசையவில்லை. செயலாளர் பெருமூச்சு விட்டுக்கொண்டே பார்த்தார். ஒவ்வொருவராகச் சிவப்பு டார்ச்சின் வெளிச்சத்தில் அட்டையில் கிறுக்கி, மடித்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டார்கள்.

தலைவரின் முறை வந்தது. துணியைப் போர்த்திக்கொள்ளவில்லை. குனிந்தார். அவள் மனதுக்குள் எண்ணினாள். நாற்பது எண்ணுவதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

"மங்கலா ஒரு கோடு. அவ்வளவுதான். நடுவுல கருப்பு ஒண்ணும் இல்ல" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டியிருந்தது.

பேசக் கூடாது என்பது ஒரே ஒரு விதி. ஒரு வாத்தியார், நாற்பது வருடம் பரீட்சை அறையில் பிள்ளைகளை வாய்மூடி உட்காரவைத்தவர், அந்த ஒரு விதியைக் கால் தூசாக நினைத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல ஏதாவது கேட்க வாய் வந்தது. மிச்சமிருந்த இரண்டு பேரின் நேரத்தை அவளும் கெடுக்க வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எல்லாரும் முடித்த பிறகு டப்பாவைத் திறந்தார்கள். நான்கு அட்டைகளில் ஊசியின் நடுவே கருப்புக் கோடு. இரண்டில் இல்லை, அதில் ஒன்று செயலாளருடையது. ஒன்று வெறும் அட்டை. பல் டாக்டருடையதில் கருப்பு நூல் நட்டநடுவில் ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது; நூலுக்கு வெளியே, ஊசியின் புடைத்த வயிற்றில், ஒரு கூர்மையான வெளிச்சப் புள்ளி. அவள் படத்திலும் அப்படித்தான்.

தலைவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "நான் சொன்னதேதான் இது. இவங்க எல்லாரும் அந்த வரைபடத்தை ஏற்கெனவே பார்த்துட்டாங்க. மனசுல பதிஞ்சதை வரைஞ்சிருக்காங்க."

அவளைச் சுட்டது, அதில் நியாயம் இருந்ததுதான். முதல் இரவு அந்த நூல் தெரிந்தபோது அவளே தன்னை நம்பவில்லை. போட்டோ நினைவில் இருந்து ஏமாற்றுகிறதோ என்று ஐந்து இரவு பென்சிலையே எடுக்கவில்லை. குழாயைத் திருப்பி வேறு பக்கத்திலிருந்து வந்து பார்த்தாள், கண்ணை மாற்றிப் பார்த்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். வரையத் தொடங்கியதே ஆறாவது இரவில். இந்தச் சந்தேகத்தையெல்லாம் அவள் தாண்டி வந்திருப்பாள் என்று ஒரு மனிதருக்குத் தோன்றவே தோன்றாதா?

எதிர்பாராமல் செயலாளர் வாயைத் திறந்தார். "நானும்தானே சார் அந்தப் படத்தைப் பார்த்தேன். நான்தானே அதைக் கழட்டினேன். எனக்குக் கோடு தெரியலையே. மனசுல பதிஞ்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல?"

தலைவர் பதில் சொல்வதற்குள் புருஷன் மணியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். தொட்டி காத்திருக்காது. மோட்டார் உறுமியது, யார் பேசினாலும் கேட்காது. இன்னொரு முறை பார்க்க ஐபீஸில் குனிந்திருந்த ஒருவர், விண்மீன்கள் துள்ளுவதைப் பார்த்துத் தலையை எடுத்துக்கொண்டார். அப்படியே கலைந்தார்கள்.

நான்கு நாள் கழித்து மதியம் பல் டாக்டர் கடைக்கு வந்து, திரையை விலக்கினாள். "அக்கா, படத்தை மாட்டிட்டாங்க. ஆனா வந்து பாருங்க."

படம் பழைய இடத்தில் இருந்தது. கீழே தட்டச்சு செய்த சீட்டு: 'இக்காட்சி சங்கத் தலைவரின் நேரடி ஆய்வில் சரிபார்க்கப்பட்டது.'

இரண்டு முறை படித்தாள். கழற்றியபோது வந்த கோபம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. அன்று அவளைத் திருடி என்றார்கள். இன்று அவளுடைய பதினோரு இரவுகளையும், நாற்பது நொடி குனிந்து ஒன்றும் தெரியவில்லை என்றவரின் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் கூடத்தில்தான் இருந்தார், யாருக்கோ சனியின் வளையத்தை விளக்கிக்கொண்டு. அவள் நேரே போனாள்.

"இந்தச் சீட்டை யார் சார் எழுதினது?"

"நான்தான். படத்தைத் திரும்ப மாட்டியாச்சே, இன்னும் என்னம்மா?"

"நீங்க சரிபார்க்கல. பார்க்கவே இல்ல. இல்லைன்னு சொல்லிட்டுப் போனீங்க."

"ஒரு பொறுப்பான ஆள் பேர் இருந்தாத்தான் வர்றவங்க நம்புவாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுக்கா?" அவள் குரல் உயரவில்லை, ஆனால் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "நான் கீறல் விழுந்த வில்லையைக் குடுத்தா, என் முதலாளி நல்லாயிருக்குன்னு சீட்டு ஒட்டினா சரியாயிடுமா? நல்ல வில்லைக்கும் அவர் சீட்டு தேவையில்ல. போட்டுப் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். நீங்க தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். இதே அளவு சீட்டுலயே எழுதியிருக்கலாம்."

தலைவர் சனியின் வளையத்தைப் பார்த்தார். "பொது இடத்துல இப்படிப் பேசறது..."

"பொது இடத்துலதானே கழட்டினீங்க."

அவர் எழுதவில்லை. அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். சீட்டைப் பலகையிலேயே விட்டாள். இரண்டு நாள் அந்தச் சீட்டு காலிப் பலகையில் தொங்கியது. வெறும் பலகையைத் தலைவர் நேரடியாகச் சரிபார்த்ததாக. பார்த்தவர்கள் சிரித்தார்கள் என்று செயலாளர் பிறகு சொன்னார். அவரே ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றார். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

சங்கத்தை விட்டு விலகுவதாக ஒரு வரிக் கடிதம் கொடுத்தாள். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்று இரண்டாவது வரி எழுதி, புருஷன் படித்துச் சிரித்ததும் அடித்துவிட்டாள்.

பல் டாக்டர் அமாவாசை தவறாமல் பம்பு நிலையத்துக்கு வருகிறாள். இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். செயலாளர் எப்போதாவது வருவார். கருப்புக் கோடு அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரியவில்லை என்றே ஒவ்வொரு முறையும் அட்டையில் எழுதுகிறார். அந்த அட்டைகளையும் அவள் வைத்திருக்கிறாள்.

ஒன்றரை வருடம் கழித்துக் கடைக்குத் தலைவரின் கண் டாக்டர் சீட்டு வந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் தட்டில் அப்படியே வைத்துவிட்டாள். அன்று முழுக்க வேறு வேலைகளைச் செய்தாள். மறுநாள் எடுத்தாள். இரண்டு கண்ணுக்கும் சாய்ந்த அச்சு, கனமான வில்லை, மெல்லிய சட்டம். அவசரப்பட்டால் ஓரம் தெறிக்கும். அச்சை மூன்று முறை அளந்து பார்த்து அரைத்தாள்.

"உன் இடத்துல நானா இருந்தா ரெண்டு பாகை தள்ளியிருப்பேன்" என்றார் புருஷன்.

"கண்ணு அவர் கண்ணுங்க. கோபம்தான் என்னுது."

வாங்க வந்தவர் கண்ணாடியைப் போட்டு, வாசலுக்குப் போய்த் தெருக்கோடி வரை பார்த்துவிட்டுத் திரும்பினார். திரைக்குப் பின்னால் அவளுக்குக் கேட்டது: "ரொம்பத் தெளிவா இருக்கு. யார் செஞ்சது?"

முதலாளி கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வெளியே வந்து நின்றாள். தலைவர் புதுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் போல வாய் திறந்தது. அவள் காத்திருந்தாள். முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"உறை ஒண்ணு கிடைக்குமா?" என்றார் முதலாளியிடம்.

அவள் உள்ளே போய்ச் சக்கரத்தைப் போட்டாள். அன்று சாயங்காலம் பல் டாக்டரிடம் இதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சிரைத்தது. "இத்தனை நாள் ஆச்சு, விட்டுடுங்கக்கா" என்றாள் டாக்டர்.

"விடறதா? அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே விட்டுடறேன். அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."